ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தைக் காணோம்

மனிதன் மதம் மாறலாம், கட்சி மாறலாம், மணமேடை வரை வந்து மனம்கூட மாறலாம். ஆனால் கம்ப்யூட்டரின் சிஸ்டத்தை மட்டும் மாற்றக் கூடாது, மாற்றுகிறவன் மனித குலத்துக்கே துரோகி என்பது துப்பறிவாளர் மோப்பத்தின் அசைக்க முடியாத கொள்கை. இதை அவர் சிரிக்காமல் சொல்வார். சாட்சிகளிடம் சொல்வார், பல் டாக்டரிடம் வாயைத் திறந்தபடியே சொல்வார். இப்போது மூன்றாவது மாடிக்குப் போகும் லிஃப்டில், தப்பிக்க வழியில்லாமல் நின்ற தன் உதவியாளர் கொசுறுவிடம் சொன்னார்.

"இன்னிக்கு சிஸ்டத்த மாத்துறவன் நாளைக்குப் பெத்த அம்மாவையே மாத்துவான். மனசுல வச்சுக்க."

"வழி இருந்தா சொல்லுங்க பாஸ்," என்றாள் கொசுறு. "எங்கம்மா தினம் காலைல ஒரு அப்டேட் கேக்குறாங்க."

கொசுறு என்பது அவள் பெற்றோர் வைத்த பெயரல்ல. மோப்பம் தன் அலுவலக அறையை வாடகைக்கு எடுத்தபோது மேஜை, நாற்காலி, மின்விசிறியோடு அவளும் அங்கே உட்கார்ந்திருந்தாள். காலி செய்துபோன சோப்புக் கம்பெனி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அவளை மறந்துவிட்டது. "அறையோட வந்த கொசுறு" என்று மோப்பம் எல்லோருக்கும் அறிமுகம் செய்தார். பெயர் ஒட்டிக்கொண்டது, அவளும்.

லிஃப்ட் திறந்த இடம் ஒரு சிறுவர் படப் புத்தக நிறுவனம். சுவரெல்லாம் முயல், கரடி, கண்ணாடி போட்ட ஆமை. இவ்வளவு சந்தோஷமான சுவர்களுக்கு நடுவே அவ்வளவு கோபமான ஒரு முதலாளியம்மா நிற்பது பார்ப்பதற்கு ஒரு மாதிரியாக இருந்தது. அவர் ஒரு திரையைக் காட்டினார்.

திரையில் ஒட்டகச்சிவிங்கி. நாலு கால், புள்ளி போட்ட உடம்பு, வால், எல்லாம் சரி. தலையும் இருந்தது. மர உச்சியில் சாவகாசமாக இலை தின்றுகொண்டிருந்தது. உடம்புக்கும் தலைக்கும் நடுவில் நீல வானமும் இரண்டு மேகங்களும் மட்டுமே.

"கழுத்து எங்க?" என்றார் மோப்பம்.

"அதுக்குத்தான் உங்களக் கூப்பிட்டேன்," என்றார் முதலாளியம்மா.

விவரம் இது. புத்தகத்தின் பெயர் 'எட்டிப் பார்'. கதை முழுக்க இந்த ஒட்டகச்சிவிங்கி எட்டித்தான் பார்க்கிறது. கழுத்தில்லாமல் எட்டினால் அது புள்ளி வைத்த பசு. நேற்று மதியம் வரை கழுத்து இருந்தது. புத்தகம் முடிந்த மகிழ்ச்சியில் முதலாளியம்மா எல்லோருக்கும் ஜாம் பன் வாங்கிக் கொடுத்தார். சாயங்காலம் எல்லோரும் கீழே டீ குடிக்கப் போய்த் திரும்பினால் கழுத்து இல்லை. இன்று நாலு மணிக்குப் புத்தகம் அச்சகத்துக்குப் போக வேண்டும். யாரோ கழுத்தை எடுத்து, எடுத்ததை சேவ் வேறு செய்திருக்கிறார்கள். காப்பி இருந்த பழைய கம்ப்யூட்டர்களை நிறுவனம் போன வாரம்தான் துடைத்துக் காலி செய்து அனுப்பியிருந்தது.

ஏன் அனுப்பினார்கள் என்பதில்தான் வழக்கே இருக்கிறது.

உலகத்தில் எத்தனையோ சிஸ்டங்கள் இருக்கலாம். இந்த அலுவலகத்தில் இரண்டே கட்சி. ஒன்று ஜன்னல், இன்னொன்று பழம். ஜன்னலில் ஒரு பக்கத்தை மூட வலது மூலைக்குப் போக வேண்டும், பழத்தில் இடது மூலைக்கு. செய்த தப்பை அன்டூ செய்ய ஜன்னல்காரரின் சுண்டுவிரல் கீபோர்டின் ஓரத்துப் பட்டனுக்குப் போகும். பழக்காரரின் கட்டைவிரல் ஸ்பேஸ் பாரை ஒட்டிய பட்டனுக்குப் போகும். அவ்வளவுதான் வித்தியாசம். இதற்காகச் சம்பந்தம் முறிந்த குடும்பங்கள் இருக்கின்றன.

இந்த நிறுவனம் காலங்காலமாக ஜன்னல். முதலாளியம்மாவின் தம்பிதான் மாற்றினார். அலுவலகத்தில் அவருக்குப் பழத்தூதர் என்று பெயர். வருஷக்கணக்காக ஜன்னலைத் தொட்டதே இல்லை, பழம் என்றால் பழம்தான் என்று அக்காவின் காதில் ஓதி ஓதி, இந்த வாரம் எல்லா மேஜையிலும் பழத்தை வைத்துவிட்டார். எதிர்த்தது ஒரே ஒருத்தி, புத்தகத்துக்குப் படம் போட்ட ஓவியர். பழத்தைத் தொடுவதற்கு முன் விரலை வெட்டிக்கொள்வேன் என்று கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னவள். தன் மேஜைக்கு மேலே, புழு கடித்த பழம் ஒன்று மனிதனைக் கடிப்பதாக ஒரு கார்ட்டூனும் ஒட்டியிருந்தாள்.

கழுத்து காணாமல் போனது அவளுடைய புதுப் பழத்திலிருந்துதான்.

"வேற யார் பண்ணுவா?" என்றார் முதலாளியம்மா. "புது சிஸ்டம் உருப்படாதுன்னு காட்டுறதுக்கு இவளே எடுத்திருக்கா. நாலு மணிக்குள்ள உண்மை தெரியலன்னா இவளுக்கு இங்க வேலை இல்ல. அட்டையில இவ பேரும் இருக்காது."

ஓவியர் தன் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள். அட்டை என்ற சொல் வந்தபோது மட்டும் சீவுவது நின்றது. மேஜையில் அட்டையின் மாதிரி ஒன்று கிடந்தது. அதில் அவள் பெயர் முதல்முறையாக அச்சில் வரப்போகிற இடத்தில், அவளே விரலால் தடவித் தடவித் தாள் கொஞ்சம் மங்கியிருந்தது. "நான் எடுக்கல மேடம்" என்று மட்டும் சொன்னாள். மேலே கேட்டால் வாயைத் திறக்கவில்லை.

மோப்பத்துக்கு அவளைப் பார்த்தவுடனே பிடித்துப்போயிற்று. தன் கட்சிக்காரி. கொள்கைக்காக விரலை வெட்டத் துணிந்தவள். ஆனாலும் கடமை என்று ஒன்று இருக்கிறதே. குனிந்து, அவளுடைய புத்தம்புது வெள்ளைக் கீபோர்டை மூக்கு உரச ஆராய்ந்தார். பிறகு நிமிர்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் தொண்டையைச் செருமினால் யாரோ மாட்டினார்கள் என்று அர்த்தம். யார் என்பது மட்டும் சில சமயம் மாறும்.

"ஜாம்," என்றார்.

இடது ஓரத்துப் பட்டன் முழுக்க சிவப்பாகப் பிசுபிசுவென்று ஜாம். அன்டூவுக்காக அதோடு சேர்த்துத் தட்டும் 'இசட்' பட்டனிலும் ஜாம். யாரோ ஓரத்துப் பட்டனைச் சுண்டுவிரலால் அமுக்கி, அன்டூ அன்டூ என்று பதறிப் பதறித் தட்டியிருக்கிறார்கள். பழத்தில் ஓரத்துப் பட்டனைத் தட்டினால் விடியும் வரை தட்டலாம், ஒன்றும் நடக்காது. அங்கே விரல் போகிறது என்றால் அது ஜன்னலில் ஊறிய விரல்.

"ஜாம் எல்லாரும்தான் சாப்பிட்டோம்," என்றார் பழத்தூதர். அவர் கையில் ஒரு பழம், இடுப்பில் சின்னதாக ஒரு பழம், மணிக்கட்டில் ஒன்று. மடிக்கணினி, போன், கைக்கடிகாரம்.

"ஜாம் யாருதுங்கிறது கேள்வி இல்ல. எந்த விரல்ல இருந்துச்சுங்கிறதுதான் கேள்வி. இந்த ஆபீஸ்ல இன்னும் மாறாத ஜன்னல் விரல் யாருக்கு இருக்கு?"

எல்லோருடைய பார்வையும் ஓவியரிடம் போயிற்று. முதலாளியம்மா, அவள் சாமான்களை எடுத்து வைக்க ஒரு அட்டைப்பெட்டி எங்கே என்று கேட்டார். பழத்தூதர் தானே தேடிக் கொண்டுவந்தார். அவ்வளவு வேகமாக அவர் எந்த வேலையும் செய்து அந்த அலுவலகம் பார்த்ததில்லை.

கொசுறு மோப்பத்தின் சட்டைக் கையைப் பிடித்து மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"பாஸ், அவங்க கையப் பாத்தீங்களா?"

"பாத்தேன். வெட்டத் துணிஞ்ச கை."

"கழுவாத கை. அவங்க முதல்ல பென்சில்லதான் வரையுறாங்க, விரல் முழுக்க கரி. அவங்க தொட்ட மவுஸ் கறுப்பு, டீ டம்ளர் கறுப்பு, நாற்காலிக் கைப்பிடி கறுப்பு. ஆனா அந்த ஓரத்துப் பட்டன்ல ஜாம் இருக்கே தவிர கரி ஒரு பொட்டு கிடையாது."

மோப்பம் யோசித்தார். யோசிக்கும்போது அவர் மூக்கின் நுனி மட்டும் லேசாக அசையும்.

"ஸ்பேஸ் பார் பக்கத்துப் பட்டன் இருக்கு பாருங்க," என்றாள் கொசுறு, "அது தோசைக்கல்லு அடிப்பக்கம் மாதிரி இருக்கு."

மூக்கு நின்றது. ஸ்பேஸ் பார் பக்கத்துப் பட்டன் கட்டைவிரலுக்கானது. கட்டைவிரல் பழக் கட்சி. விரலை வெட்டிக்கொள்வேன் என்றவள் அந்த விரலாலேயே பட்டனைக் கறுப்பாக்கி வைத்திருக்கிறாள்.

"துரோகி," என்றார் மோப்பம், மிகுந்த மனவேதனையோடு.

"நிரபராதி, பாஸ். ரெண்டும் ஒண்ணாவே இருக்கலாம்."

கொசுறு ஓவியரை மாடிப்படிக்குக் கூட்டிவந்தாள். கேட்டதும் அவள் முதலில் மறுத்தாள், பிறகு கட்டைவிரலை முந்தானைக்குள் மறைத்தாள், பிறகு படியில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு நாள் திட்டிக்கொண்டேதான் பயன்படுத்தினாளாம். மூன்றாவது நாள் காலையில் எழுந்ததும் முதல் நினைப்பே அதுதானாம். கோடு வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போகிறதாம். யாரும் பார்க்காதபோது அதைத் தடவிக்கூடக் கொடுத்திருக்கிறாள்.

"அத அங்க சொல்லியிருந்தா வேலை தப்பிச்சிருக்குமே," என்றாள் கொசுறு.

"எப்படிச் சொல்றது? எங்க வீட்டுக்காரர் என் பேச்சக் கேட்டுட்டு அவர் ஆபீஸ்ல பழம் வேண்டாம்னு தகராறு பண்ணி, இப்ப அவரத் தனி ரூம்ல உக்கார வச்சிருக்காங்க. மாமியார் என் கார்ட்டூன ஃபிரேம் போட்டு ஹால்ல மாட்டியிருக்காங்க. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போறது?"

வேலையா, மானமா என்று அவள் விரல்களை மாற்றி மாற்றிப் பார்த்தாள். கடைசியில், அட்டையில் பெயரை எத்தனை பெரிய எழுத்தில் போடுவார்கள் என்று யாரும் கேட்காமலே சொன்னாள். மிகச் சின்ன எழுத்துதான். அதுவும் பார்கோடுக்குப் பக்கத்தில். அதைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. மோப்பம் திரும்பிச் சுவரைப் பார்த்தார். கொள்கை வேறு, கண் கலங்குவது வேறு.

"அப்ப ஜன்னல் விரல் யாருது?" என்றார் சுவரிடம்.

"அந்த அட்டைப்பெட்டிய ஓடி ஓடித் தேடினது யாரு?" என்றாள் கொசுறு.

உள்ளே வந்ததும் மோப்பம், சற்று முன் தான் சொன்னதெல்லாம் குற்றவாளியை அசட்டையாக இருக்கவைப்பதற்கான தந்திரம் என்று அறிவித்தார். கொசுறு இருமினாள். பிறகு அவர் பழத்தூதரின் மேஜைக்குப் போய், அவருடைய மடிக்கணினியை ஆராய அனுமதி கேட்டார். வருஷக்கணக்கான பழம். ஆனால் கீபோர்டில் ஒரு எழுத்துக்கூட மங்கவில்லை. திரையின் ஓரத்தில், கடையில் ஒட்டிக் கொடுத்த பிளாஸ்டிக் தாள் இன்னும் உரிக்கப்படாமல் இருந்தது. கொசுறு அதில் ஒரு புது ஃபைலைத் திறந்து, ஏதோ தட்டச்சு செய்து, மோப்பத்துக்குக் காட்டினாள். அவர் தலையசைத்தார்.

"சார், நம்ம பொண்ணு என்னமோ உளறி வச்சிருக்கா," என்றார் மோப்பம். "எனக்குப் பழம் பழக்கமில்ல. நீங்க பெரிய ஆளு. சேவ் பண்ணாம அப்படியே மூடிடுங்க."

பழத்தூதர் பெருந்தன்மையாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகுதான் திரையைப் படித்தார். அதில் இருந்தது இதுதான்: 'கழுத்தை எடுத்தது நான்தான். அக்கா, மன்னிச்சிடு.'

சிரிப்பு பாதியில் நின்றது. பின்னால் அக்கா நின்றுகொண்டிருந்தார். மூட வேண்டும், உடனே மூட வேண்டும். பழத்தூதரின் கை பாய்ந்தது. அம்புக்குறி நேராக வலது மூலைக்கு ஓடியது. அங்கே மூடும் குறி இல்லை, கடிகாரம்தான் இருந்தது. அதைக் கிளிக்கினார். ஓரத்திலிருந்து ஒரு திரை சரிந்து வந்து, இன்று வெயில் அதிகம் என்றது. இன்னொரு முறை கிளிக்கினார். வெயில் போயிற்று. அவருக்கு மட்டும் வியர்த்தது.

"இடது மூலை," என்றாள் ஓவியர், தன்னையறியாமல். சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

இடது மூலைக்குப் போய் மூடினார். சேவ் செய்யவா என்று பழம் கேட்டது. கீழே மூன்று பட்டன்கள் வரிசையாக நின்றன. அவர் படிக்கவில்லை. ஜன்னலில் வளர்ந்தவன் எதற்குப் படிப்பான்? சேவ் என்பது என்றைக்கும் இடக்கோடியில்தான் இருக்கும், தப்பிக்க வேண்டுமானால் வலப்பக்கம். வலக்கோடியை அழுத்தினார்.

பழத்தில் வலக்கோடியில் இருப்பது 'சேவ்'.

பழத்தூதரின் வாக்குமூலம் பழத்தூதரின் கையாலேயே, பழத்தூதரின் கம்ப்யூட்டரில் பத்திரமாகப் பதிவாயிற்று.

"நேத்தும் இதத்தான சார் பண்ணீங்க?" என்றார் மோப்பம்.

முதலாளியம்மா தம்பியின் காதைப் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் பரவாயில்லை என்று தோன்றும்படி, "டேய்" என்று மெதுவாகச் சொன்னார். அதற்குள் எல்லாம் வெளியே வந்துவிட்டது. ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து புத்தகத் தலைப்பை இடிக்கிற மாதிரி இருக்கிறதே என்று தம்பிக்கு ஆரம்பத்திலிருந்தே உறுத்தல். ஓவியரிடம் சொன்னால் சண்டைக்கு வருவாள். எல்லோரும் டீக்குப் போன நேரத்தில் கழுத்தை ஒரு மயிரிழை தள்ளி வைக்கலாம் என்று, ஒரு கையில் ஜாம் பன்னோடு உட்கார்ந்திருக்கிறார். கழுத்து கையோடு வந்துவிட்டது. ஓரத்துப் பட்டனை அமுக்கி அன்டூ, அன்டூ. ஒன்றும் நடக்கவில்லை. பயத்தில் மூடினார். சேவ் செய்யவா என்றது. வேண்டாம் என்று வலக்கோடியை அழுத்தினார்.

"ஜன்னலத் தொட்டதே இல்லன்னியேடா?"

"இங்க தொட்டதில்லக்கா," என்றார் தம்பி. "வீட்ல மட்டும்தான். பழம் வெளில போறப்ப. பாக்க நல்லாருக்கும்ல."

அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். யார் எடுத்தார்கள் என்பது தெரிந்துவிட்டது; கழுத்து இன்னும் வரவில்லை. தலை அங்கேயே தனியாக இலை தின்றுகொண்டிருந்தது. புதிதாக வரைய வேண்டும், நாலு மணிக்குள். இவ்வளவு நேரம் சந்தேகப்பட்டவளிடம் எப்படிக் கேட்பது என்று முதலாளியம்மாவுக்குத் தெரியவில்லை. தானே அந்த அட்டைப்பெட்டியை எடுத்து வெளியே வைத்துவிட்டு வந்து, நாற்காலியைத் துடைத்து, "உக்காரும்மா" என்றார்.

ஓவியர் நின்றாள். உட்கார்ந்தால் கட்டைவிரலை எல்லோரும் பார்ப்பார்கள். ஜன்னல் விரலோடு வரைந்தால் நாலு மணி ஆகாது, நாளை நாலு மணி ஆகும். அட்டையின் மாதிரியை ஒரு தரம் பார்த்தாள். உட்கார்ந்தாள்.

பிறகு நடந்ததைப் பார்த்தவர்கள் நாலைந்து பேர்தான் என்பது நாட்டுக்கு நஷ்டம். வலது கை கோடு இழுக்க, இடது கட்டைவிரல் அந்தக் கறுத்த பட்டனில் ஏறி இறங்கித் தாளம் போட்டது. இழுத்தாள், அழித்தாள், நகல் எடுத்தாள், ஒட்டினாள். புள்ளிகள் மழையாக விழுந்தன. கழுத்து உடம்பிலிருந்து முளைத்து, மேகத்தைத் தாண்டி, தலையைப் போய்ப் பிடித்துக்கொண்டது. எல்லோருக்கும் மூச்சு வந்தது. அவள் நிறுத்தவில்லை. தலையை இன்னும் மேலே நகர்த்தி, கழுத்தை இன்னும் நீட்டி, நேராகத் தலைப்பின் எழுத்துகளுக்கு நடுவே புகுத்தி, அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவைத்தாள். பழத்தூதரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தன் கைக்கடிகாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

முதலாளியம்மா கட்டைவிரலைப் பார்த்தார், சுவரில் இருந்த கார்ட்டூனைப் பார்த்தார். அச்சகத்துக்குப் போன் போட்டு, ஃபைல் வருகிறது என்றும், ஓவியர் பெயரை பார்கோடு பக்கத்திலிருந்து எடுத்து மேலே தலைப்புக்குக் கீழே போடுங்கள் என்றும் சொன்னார்.

"மேடம், ஒரு உதவி," என்றாள் ஓவியர் எழுந்திராமலே. "எங்க வீட்டுக்காரர் வந்தா நான் சுண்டுவிரல்லதான் வரைஞ்சேன்னு சொல்லிடுங்க."

தம்பிக்கும் தீர்ப்பு வந்தது. நாளை முதல் அவர் எல்லோர் முன்னாலும் ஜன்னலில் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். அவர் முகத்தில் தெரிந்தது தண்டனை பெற்றவனின் வருத்தமல்ல, இறுக்கமான செருப்பைக் கழற்றியவனின் நிம்மதி. அப்படியானால் அவருடைய பளபளக்கும் பழத்தை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது.

"சாட்சியப் பொருள்," என்றார் மோப்பம் உடனே. "என் பாதுகாப்புல இருக்கணும். சட்டம் அப்படி."

"எந்தச் சட்டம் பாஸ்?" என்றாள் கொசுறு லிஃப்டில். அவர் லிஃப்டின் எண்களைப் பார்த்தார். சாட்சியப் பொருளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். துரோகிகளின் கருவியை எதிரி அறியாமல் ஆராய வேண்டும் என்றும், அந்தப் பெண் கெட்டதே இதைத் தொட்டதால்தான் என்றும், தன் விரல்கள் இரும்பு என்றும் இரண்டாவது மாடிக்குள் சொல்லி முடித்தார்.

மறுநாள் காலை கொசுறு அலுவலகக் கதவைத் தள்ளியபோது, மோப்பம் அவளுக்கு முன்பே வந்து, மேஜையில் செய்தித்தாளை அகல விரித்துப் படித்துக்கொண்டிருந்தார். தாள் தலைகீழாக இருந்தது. அவருடைய பழைய ஜன்னல் கம்ப்யூட்டர் மூலையில், உயிர் இருக்கிறது என்று காட்ட மட்டும் விசிறி ஓட, திரை இருண்டு கிடந்தது.

"வழக்கு அறிக்கை எழுதுறேன்," என்றார் தாளுக்குப் பின்னாலிருந்து.

அவள் டீ வாங்கிவந்து நிஜ ஜன்னலின் திண்டில் வைத்தாள். டீயை எடுக்க அவர் ஜன்னல் பக்கம் போனபோது செய்தித்தாள் சரிந்தது. அடியில் பழம் ஒளிர்ந்துகொண்டிருந்தது. வெள்ளைக் கீபோர்டு முழுக்க சுத்தமாக இருக்க, ஸ்பேஸ் பாரை ஒட்டிய பட்டனில் மட்டும் அச்சு மையில் அழகாக ஒரு கட்டைவிரல். கொசுறு அதைப் பார்த்தாள். எத்தனையோ சொல்லலாம், நாக்கின் நுனியில் வரிசையாக நின்றன. துப்பட்டாவின் ஓரத்தால் அந்தப் பட்டனைத் துடைத்துவிட்டு, செய்தித்தாளை நேராகத் திருப்பி வைத்துவிட்டு, தன் நாற்காலிக்குப் போய்விட்டாள்.

மோப்பம் திரும்பி வந்தார். தாளைத் தூக்கி, துடைத்த பட்டனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் சுவரில் இருந்த பல்லியை மிகுந்த கவனத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் தொண்டையைச் செருமினார். அறிக்கையைப் படித்து முடித்து, பக்கத்தை மூடினார். அம்புக்குறி எங்கும் தயங்காமல் நேராக இடது மூலைக்குப் போயிற்று.